பிசிர்

"அம்மா, ஆடாம உக்காரு" என்றாள் மிதுனா, பின்னாலிருந்து. செல்வநாயகி ஆடவேயில்லை. மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் மகள், கீழே தரையில் அம்மா, மகளுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அம்மாவின் தோள், ஈரம் இன்னும் முழுசாகப் போகாத முடி மகளின் மடியில். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தால் எந்த வீட்டிலும் நடக்கிற காரியம்தான். என்ன, மற்ற வீடுகளில் அம்மா மேலே இருப்பாள், மகள் கீழே இருப்பாள், இங்கே தலைகீழ். பதினாலு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட "அம்மா, தண்ணி வேணுமா" என்று கேட்டிராத பிள்ளை இன்றைக்கு, பார்த்துப் பார்த்து இன்றைக்கு, சீப்பும் கையுமாக வந்து நின்று "நான் உனக்குத் தலை பின்னி விடட்டா?" என்கிறாள். கேட்டதும் பெற்ற வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரத்தான் செய்தது, ஆனால் அது வேறு குளிர். ஏனென்றால் காலையில் உளுந்து டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவியபோது ட்ரிம்மர் இல்லை. அடிவரைக்கும் துழாவினாள். உளுந்தை முறத்தில் கொட்டியே பார்த்தாள். இல்லை. மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும், இப்போது மணி பன்னிரண்டரை, நடுவில் கிடக்கிற இந்த நேரத்தில் ட்ரிம்மர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரியும்.

ட்ரிம்மர் என்றால் பெரிய ஆயுதம் ஒன்றும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கத்தரி, அமுக்கினால் வெட்டும், விட்டால் தானாக விரிந்துகொள்ளும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற எந்தப் பொம்பளையின் கையிலிருந்தும் அதைப் பிரிக்க முடியாது. தையல் முடிகிற இடத்தில் தொங்குகிற நூலுக்குப் பிசிர் என்று பேர். பீஸ் டேபிளில் வந்து விழ விழ, தோள், கழுத்து, கை, அடிமடிப்பு என்று கண் ஓடும், கை பிசிரை வெட்டிக்கொண்டே போகும். பதினேழு வருஷம் அப்படி ஓடிய கண்ணும் கையும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் சும்மா இருந்துவிடுமா? ஒரு தடவை பஸ்ஸில் முன் சீட்டு அம்மாளின் ரவிக்கைக் கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நூல் தொங்க, இவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை, கைப்பையிலிருந்து ட்ரிம்மரை எடுத்துச் சட்டென்று வெட்டிவிட்டாள். அந்த அம்மாள் "ஐயோ என்ற சங்கிலி, சங்கிலி" என்று போட்ட கூச்சலில் டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். கையில் இருந்த நூலைக் காட்டி, சாமி சத்தியம் பண்ணி, ஒருவழியாகத் தப்பித்து வந்தாள். லாரி ஓட்டப் போயிருந்த நாச்சிமுத்து வந்து கேட்டுவிட்டு, "கட்டுனவன் மானத்தக் கப்பல் ஏத்தீருவ போல" என்று ஒரு வாரம் சிரித்தான். அன்றைக்குப் பக்கத்து சீட்டில் இருந்த மிதுனா சிரிக்கவில்லை. பத்து வயசு. வீட்டுக்கு வந்து, "அந்தம்மா ஏன் கத்துனாங்க?" என்று கேட்டாள். "பயந்துட்டாங்க சாமி." "நீ நூலத்தான வெட்டுன?" "அது அவங்களுக்கு எப்படித் தெரியும், முதுகுலயா கண்ணு இருக்குது?" பிள்ளை வெகுநேரம் யோசித்துக்கொண்டே இருந்தது. என்னத்தை யோசித்ததோ.

முதுகில் கண் இல்லை. ஆண்டவன் அந்த ஒரு இடத்தில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான். சீப்பு உச்சியில் இறங்கி, காதோரம் வந்து, முடிவரை ஓடி, மறுபடி உச்சிக்கு வருகிறது. நன்றாகத்தான் வாருகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கற்றுக்கொள்ள வேண்டிய வயசில் தலையைக் காட்டவே மாட்டாள், சீப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிவாள். சிக்கு வந்தால் நிறுத்துகிறாள், அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரிக்கிறாள். இவ்வளவு பக்குவம் இந்தக் கைக்கு எங்கிருந்து வந்தது. ஆனால் கை தெரிகிறது, ஒரு கைதான் தெரிகிறது. சீப்பு பிடித்த கை. இன்னொரு கை முடியைப் பிடித்திருந்தால் இழுப்பு தெரிய வேண்டும். இப்போது தெரிகிறது. இப்போது இல்லை. எங்கே போனது? தலையணையின் உறை உரசுகிற சத்தமா அது? ஃபேன் சத்தமா? "சிக்கு எடுக்கறேன், வலிச்சாச் சொல்லு" என்றாள் மிதுனா. வலித்தால் சொல்லவா வேண்டாமா என்று செல்வநாயகி யோசித்தாள். சொன்னால் நிறுத்துவாளா? இல்லை, வலிக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பாளா? பெற்ற பிள்ளையைப் பற்றி ஒருத்தி இப்படியெல்லாம் கணக்குப் போடலாமா, சீ. "வலிக்கல கண்ணு" என்றாள். வலித்தது.

அந்தச் சடை. கண்ணை மூடினால் அந்தச் சடைதான் வந்து நிற்கிறது. பதினோரு நாளைக்கு முன்னால், கணக்கு வகுப்பில், முன் பெஞ்சில் இருந்த பிரதீபாவின் இரட்டைச் சடையில் இடப்பக்கத்துச் சடையை மட்டும் ரிப்பனோடு வெட்டி எடுத்து, பேனா பென்சிலைப் போல டெஸ்க் மேல் நேராக வைத்துவிட்டு, நோட்டில் கணக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்துப் போன ட்ரிம்மர். அது நூல் வெட்டுகிற சாமான், அவ்வளவு பெரிய சடையை ஒரே வெட்டில் வெட்டாது, நாலைந்து தடவை அமுக்கியிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் அமுக்கியிருக்கிறாள். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்திருக்கிறாள், பார்த்தும் இவள் நிறுத்தவில்லை. ஏதாவது சண்டையா என்றால் சண்டை இல்லை. பேச்சுவார்த்தையே இல்லை. ஒரு வாய்ச்சண்டை இருந்திருந்தால், ஒரு பொறாமை, ஒரு பழி, எதாவது ஒன்று இருந்திருந்தால், பெற்றவள் அதைப் பிடித்துக்கொண்டாவது தூங்கியிருப்பாள். ஹெட்மிஸ்டரஸ் அறையில் நிற்க வைத்து ஏன் செஞ்சே, ஏன் செஞ்சே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, "தொங்கிட்டு இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். தொங்கிக்கொண்டு இருந்தது. பிரதீபாவின் அம்மா அந்தச் சடையைத் தினத்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, செத்த பிள்ளையை வைத்திருப்பதுபோல ஒப்பாரி வைத்தாள். பிரதீபா பிடரியைத் தடவுவதும் கையை எடுப்பதும், தடவுவதும் எடுப்பதுமாக இருந்தாள். மிதுனா அந்தக் கை போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், டிவி பார்க்கிறவள் பார்ப்பதுபோல. அப்புறம் அந்த அம்மாள் ஆங்காரத்தோடு எழுந்து, "இதே உன்ற ஆத்தா தலையில எவளாச்சும் கைய வெச்சிருந்தா உனக்கு எப்படி இருக்கும்டி?" என்றாள். அப்போதுதான் மிதுனா திரும்பினாள். திரும்பி அம்மாவின் கொண்டையைப் பார்த்தாள். ஒரு நிமிஷமாவது பார்த்திருப்பாள். நிதானமாக, எவ்வளவு நீளம் இருக்கும் என்பதுபோல. அந்தப் பார்வையை அன்றைக்கு அறையில் வேறு யாரும் கவனிக்கவில்லை. செக்கிங் பார்க்கிறவளுக்கு மட்டும் கண்ணில் பட்டது. பட்டது போகவே மாட்டேன் என்கிறது.

பள்ளிக்கூடத்தில் பத்து நாள் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அந்தப் பத்து நாளும் செல்வநாயகி இந்த வீட்டில் கூர் உள்ள சாமானையெல்லாம் ஒளித்து வைத்துக் குடித்தனம் பண்ணினாள். கத்தி அரிசிக்குள்ளே. அரிவாள்மணை பரண்மேல், பழைய சேலையில் சுற்றி. சவர பிளேடு சாமி படத்துக்குப் பின்னால். ட்ரிம்மர் உளுந்துக்குள்ளே. காய் நறுக்க வேண்டுமென்றால், "பாப்பா, மாடிக்குப் போயித் துணி காஞ்சுதான்னு பாத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டு அவசர அவசரமாக நறுக்கினாள். பீன்ஸைக் கையாலேயே ஒடித்தாள். ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியபோது மட்டும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, தாழ் போடவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. நாச்சிமுத்து குஜராத்திலிருந்து போனில், "வயசுக் கோளாறு நாயகி, சரியாப் போயிரும், நீ வெசனப்படாத" என்றான். அவனுக்கென்ன, ஆயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு வயசுக் கோளாறு என்று சொல்லிவிடலாம். எந்த வயசு? ஆறு வயசில் பக்கத்து வீட்டுக் குட்டிப் பையனின் விரல் கதவிடுக்கில் மாட்டி, அது வீல் வீலென்று கத்த, கதவைத் தள்ளினால் போதும், தள்ளாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, அது எந்த வயசுக் கோளாறு? ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "எவ்வளவு நேரம் அழுவான்னு பாத்தேன்" என்றாள். அப்புறம் எட்டு வயசு. கம்பெனியில் ஓவர்லாக் மிஷினைத் துடைக்கப் போய் ஊசி செல்வநாயகியின் விரலில் ஏறிவிட்டது. கட்டோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவளிடம், "ஊசி அந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டு, கேட்டுக்கொண்டே அந்தக் கட்டை அமுக்கினாள். அம்மா அலறியதும் விட்டாள். அவ்வளவு ஆர்வமாக ஒரு முகத்தைச் செல்வநாயகி அதற்கு முன் பார்த்ததில்லை. போன வருஷம் ஒருத்தி இவளைக் குண்டு என்றாள் என்று டிபன் பாக்ஸால் அவள் வாயிலேயே அடித்து, பல் ஆடிப்போனது. அது கோபம், அதைக்கூட மன்னித்துவிடலாம். கோபம் இல்லாமல் செய்கிறாளே, அதைத்தான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எங்கே பிசகினோம்? பால் மறக்க வேப்பெண்ணெய் தடவினோமே, அதிலா? எட்டு மாசத்தில் கம்பெனிக்குத் திரும்பப் போய்விட்டோமே, அதிலா? நம் ரத்தத்திலா, நாச்சிமுத்துவின் ரத்தத்திலா? பீஸ் கெட்டால் எந்த மிஷின், எந்த லைன், எந்த டெய்லர் என்று போய்ப் பிடித்துவிடலாம். இதற்கு எந்த லைனைப் பிடிப்பது?

சீப்பு நின்றுவிட்டது. செல்வநாயகியின் முதுகு முழுக்க ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. "என்ன பாப்பா?" "ஒண்ணுமில்ல. வகிடு எடுக்கறேன்." சீப்பின் பல் நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு கோடு இழுத்தது, நேராக, மெதுவாக. கோடு போட்டு வெட்டுவார்கள் கட்டிங் செக்ஷனில். சும்மா இரு மனசே. கோயமுத்தூரில் சுகந்தி மேடம் என்ன சொன்னார்கள்? "அவளா எதாச்சும் செஞ்சு குடுக்கறேன்னு வந்தா வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்கம்மா." சொன்னது மேடம்தான், மனசுக்கு வைத்தியம் பார்க்கிற மேடம், ஹெட்மிஸ்டரஸ் எழுதிக் கொடுத்த சீட்டோடு போன திங்கட்கிழமை அம்மாவும் மகளும் போய்ப் பார்த்தார்கள். நல்ல மாதிரி. சத்தம் போடாத பேச்சு. மேஜைமேல் ஆறு அட்டை வைத்தார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முகம். இவங்க எப்படி இருக்காங்க சொல்லு மிதுனா. சிரிக்கறாங்க. இவங்க? கோவமா இருக்காங்க. இவங்க? அழுகறாங்க. எல்லாம் டக் டக்கென்று சொன்னாள். நாலாவது அட்டை. கண் விரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, புருவம் மேலே ஏறி. பார்த்ததும் செல்வநாயகிக்கே நெஞ்சு திக்கென்றது, அப்படி ஒரு பயந்த முகம். மிதுனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவங்க என்னமோ யோசிக்கறாங்க" என்றாள். மேடம் வேறொரு ஆளின் முகத்தை, அதே பயத்தை, எடுத்து வைத்தார்கள். "இவங்களும் யோசிக்கறாங்க." அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு மேடம் சொன்னார்கள், "சில பிள்ளைகளுக்கு எதிராளி பயந்து போயிருக்கறது கண்ணுல படறதில்லம்மா. நமக்கெல்லாம் அந்த மூஞ்சியப் பாத்ததும் கை தானா நின்னுரும். இவளுக்கு நிக்கறதில்ல. கெட்டதுன்னு முத்திரை குத்திறாதீங்க, அடிக்காதீங்க, அடி இவளுக்கு ஏறாது. கத்துக்கும், மெதுவாத்தான் கத்துக்கும்." செல்வநாயகி "சரீங் மேடம், சரீங்" என்று தலையை ஆட்டினாள். எழுந்து வரும்போதுதான் பார்த்தாள், கதவு ஒருக்களித்துக் கிடந்தது. வெளி பெஞ்சில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். வேண்டாம்னு சொல்லிராதீங்க என்பதும் கேட்டிருக்கும். அப்படியென்றால் இன்றைக்கு, இந்தச் சீப்பு, இந்தத் தலை பின்னி விடட்டா, அதெல்லாம்? அம்மா மறுக்க முடியாது என்று தெரிந்து கேட்டதா? ஐயோ, பிள்ளை ஒரு நல்லது செய்தால் அதையும் திருப்பிப் போட்டு உள்பக்கத் தையலைப் பார்க்கிறேனே, நான் என்ன பிறவி.

மூணு மணிக்குக் கையெழுத்து. அதுதான் இன்றைக்கு விஷயம், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். ஹெட்மிஸ்டரஸ் தாளில் டைப் அடித்தே வைத்திருப்பார்களாம். என் மகள் இனி யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யமாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. பிரதீபாவின் அம்மா முன்னால் வைத்து, அவள் பார்க்கப் போட வேண்டும். போட்டால் திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு. போடாவிட்டால் டிசி, ஒன்பதாம் வகுப்பு நடுவில் இந்தக் காரணத்தோடு எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? கம்பெனியில் செல்வநாயகி கையெழுத்துக்கு ஒரு மரியாதை உண்டு. பண்டல் சீட்டில் செ.நா. என்று இருந்தால் பேக்கிங்கில் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். பார்க்காமல் ஒரு பீஸுக்கும் அவள் போட்டதில்லை, சூப்பர்வைசர் தலைகீழாக நின்று, கன்டெய்னர் கிளம்பப் போகுது கையெழுத்தப் போடக்கா என்று கத்தியபோதும் போட்டதில்லை. "பாக்காமப் போட்டா அது என்ற கையெழுத்தே இல்லீங்" என்றுவிட்டாள். இப்போது இந்தப் பிள்ளைக்கு எப்படிப் போடுவது? பதினாலு வருஷம் பார்த்திருக்கிறாள், உள்ளே வெளியே திருப்பிப் பார்த்திருக்கிறாள், இன்னும் பார்த்து முடியவில்லை. யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யமாட்டாள். உளுந்து டப்பாவில் ட்ரிம்மர் இல்லை. கேட்டுவிடலாமா? ட்ரிம்மர் எங்கே பாப்பா என்று சாதாரணமாக, சோத்துக்கு நேரமாச்சா என்பதுபோல. கேட்டால், எந்த ட்ரிம்மரும்மா என்பாள். உளுந்துக்குள்ள வெச்சிருந்தது என்று சொல்ல வேண்டிவரும். ட்ரிம்மரை ஏம்மா உளுந்துக்குள்ள வெச்சே என்பாள். அதற்கு என்ன பதில்? உனக்குப் பயந்து வெச்சேன் என்று பெற்றவள் வாயால் சொல்லலாமா? பயத்தை மட்டும் இவளிடம் காட்டிவிடக்கூடாது என்று எத்தனை வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறோம். கோபத்தைக் காட்டியிருக்கிறாள், அழுகையைக் காட்டியிருக்கிறாள். பயம் வரும்போதெல்லாம் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள்.

வகிட்டுக்கு வலப்பக்கத்து முடி முழுக்க ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டு முன்தோளில் விழுந்தது. இடப்பக்கத்தை மூணாகப் பிரித்து, மேலிருந்து இறுக்கிப் பின்ன ஆரம்பித்தாள். அப்படியென்றால் ஒற்றைச் சடை இல்லை. "ரெட்டைச் சடையா போடற?" "ம்." "எனக்கெதுக்கு பாப்பா ரெட்டைச் சடை, நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" "எப்படி இருக்கும்னு பாக்கறேன்." பிரதீபாவுக்கும் இரட்டைச் சடை. அதிலும் இடப்பக்கம். இடப்பக்கத்தைத்தான் முதலில் பின்னுகிறாள். செல்வநாயகியின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. எழுந்துவிடு. அடுப்பில் பால் வைத்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடு. எழுந்தால் சுகந்தி மேடம் சொன்னது போச்சு, இந்தப் பிள்ளை பதினாலு வருஷத்தில் நீட்டிய ஒரே கையைத் தட்டிவிட்ட பாவம் வந்து சேரும். எழாவிட்டால் மூணு மணிக்கு ஒரு பக்கத்துச் சடை இல்லாமல் பிரதீபாவின் அம்மா முன்னால் போய் நிற்க வேண்டிவரும். நின்றால்தான் என்ன? தலைமுடி, போனால் முளைக்கும். முடிக்குப் பயப்படவில்லை அவள். முடிக்குப் பக்கத்தில்தானே கழுத்து இருக்கிறது. சே. சே. பின்னல் கீழே இறங்குகிறது. இரண்டு கை, இரண்டு கையும் முடியில்தான் இருக்கிறது, இழுப்பு தெரிகிறது, நல்லது. ரப்பர் பேண்ட் சுற்றுகிற சத்தம். சடை முதுகில் விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. சீப்பும் இல்லை, கையும் இல்லை. ஃபேன் சுற்றுகிறது. கீழ்வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. ஒரு கை. ஒரு கை வந்து சடையைத் தூக்கி ஒரு ஓரமாக நகர்த்தியது. இன்னொரு கை எங்கே? இன்னொரு கை எங்கேடி? தலையணை உறை உரசியது, இந்தத் தடவை அது ஃபேன் இல்லை, சாமி சத்தியமாக இல்லை. பிடரியில், ரவிக்கைக் கழுத்துக்கு மேலே, சில்லென்று ஒரு இரும்பு பட்டது. பதினேழு வருஷமாகக் காதிலேயே கிடக்கிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.

எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் மணிக்கட்டு அவள் பிடியில் இருந்தது, நகம் நாலும் பதிய. இன்னொரு கை ஓங்கி நின்றது. மிதுனாவின் விரல்களுக்குள் ட்ரிம்மர், வாயை விரித்துக்கொண்டு. இவள் கண் முதலில் சடைக்குத்தான் போனது. சடை இருந்தது. முழுசாக இருந்தது. மிதுனாவின் மடியில் நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு கறுப்பு நூல் கிடந்தது.

"ரவிக்கையில நூலு" என்றாள் மிதுனா. "தொங்கிட்டு இருந்துச்சு."

அதே வார்த்தை. அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல். சடைக்கும் அதுதான், நூலுக்கும் அதுதான்.

"காலையில நீ துணி அலசறப்பவே பாத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போறமே. பிசிரோட வெளிய போகக்கூடாதுன்னு நீதான சொல்லுவ."

"ட்ரிம்மர்... உனக்கு எப்படி..."

"உளுந்துக்குள்ள இருந்துச்சு. நீ வெச்ச அன்னிக்கே தெரியும். கத்தி அரிசியில. பிளேடு சாமி படத்துக்குப் பின்னால. எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரிந்திருக்கிறது. பத்து நாளும், பத்து ராத்திரியும் தெரிந்திருக்கிறது, எடுக்கவில்லை. அதை நினைத்து அழுவதா, நடுங்குவதா? ஓங்கிய கை கீழே வரமாட்டேன் என்று அப்படியே நின்றது. மணிக்கட்டைப் பிடித்த பிடியும் தளரவில்லை. வலிக்கும், வலிக்கிறது என்று மிதுனா சொல்லவில்லை. கையைப் பார்க்கவும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, இன்னும் கிட்டத்தில் வந்து, கண்ணை, புருவத்தை, வாயை, ஒன்றொன்றாக. செல்வநாயகி முகத்தைத் திருப்பப் போனாள்.

"இரும்மா. மூஞ்சிய மாத்தாத."

இருந்தாள். சமையல்கட்டுக்குப் போக வழி இல்லை.

"இது அந்த நாலாவது அட்டை" என்றாள் மிதுனா. "சுகந்தி மேடம் வெச்சாங்கள்ல. நான் யோசிக்கறாங்கன்னு சொன்னேன். யோசிக்கல. இது பயம்." இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "என்னப் பாத்தா பயந்த?"

இல்லை கண்ணு என்று சொல்ல வாய் வந்துவிட்டது. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வாயால் மட்டும் இல்லை என்று எப்படிச் சொல்வது? செல்வநாயகி தலையை ஆட்டினாள், ஆமாம் என்று. ஆட்டியதும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மிதுனா அழவில்லை. அவள் நாலு நகக்குறியும் பதிந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தன் பிடரியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டு, எடுத்து, மறுபடி தொட்டாள். "பிரதீபாவும் இப்படித்தான் இருந்தா" என்றாள். "திரும்பிப் பாத்தா. இதே மூஞ்சி. நான் அவ கணக்கு யோசிக்கறான்னு நெனச்சேன்." அப்புறம் சொன்னாள், "இனிமே பாத்தா எனக்குத் தெரிஞ்சுரும்."

தெரிந்துவிடும். தெரிந்து? தெரிந்ததும் கை நிற்குமா, இல்லை எங்கே அமுக்கினால் இந்த முகம் வரும் என்று தெரிந்துகொண்டவள் ஆகிவிடுவாளா? கட்டை அமுக்கிப் பார்த்த அந்த எட்டு வயசு ஆர்வம் இந்தக் கண்ணிலும் இருக்கிறதா? செல்வநாயகி தேடினாள். பதினேழு வருஷக் கண்ணைப் போட்டுத் தேடினாள். இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. கத்துக்கும் என்றார்களே மேடம், கற்றுக்கொண்டுவிட்டது, என் முகத்தை வைத்தே கற்றுக்கொண்டது, கற்றதை வைத்து என்ன செய்யப் போகிறது என்று எந்த மேடத்துக்குத் தெரியும்? மணி ஒன்றேகால். ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரிந்த முடியுமாக எழுந்து போகலாம், கொண்டையைப் போட்டுக்கொண்டு தாளில் கையெழுத்துப் போடாமல் திரும்பி வரலாம். இல்லாவிட்டால் போடலாம். பார்த்து முடிக்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்காமல் போடலாம். அது அவளுடைய கையெழுத்தாக இருக்காது. அம்மாவுடைய கையெழுத்தாக இருந்துவிட்டுப் போகட்டும்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ட்ரிம்மரைக் கொடு என்று கேட்கவில்லை. அது மிதுனாவின் மடியில், நூலுக்குப் பக்கத்தில் கிடந்தது. செல்வநாயகி பழையபடி தரையில் திரும்பி உட்கார்ந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தைக் காட்டிக்கொண்டு.

"இந்தப் பக்கத்தையும் பின்னு பாப்பா" என்றாள். "மூணு மணிக்கு அங்க இருக்கோணும்."

பின்னால் சத்தமே இல்லை. ஃபேன் சுற்றியது. பிடரி முழுக்கக் கூசியது. அப்புறம் ஒரு கை வந்து முடியைத் தொட்டது. செல்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது கைக்குக் காத்திருந்தாள். வந்தது.